சொல்லும் காட்சியும்: இத்தாலிய மொழி கற்பித்தலும் காட்சிப் பண்பாட்டு ஆய்வும்

1. முன்னுரை

பல்கலைக்கழகங்களின் அயல்மொழித் துறைகளில் இருவகைப் பணிகள் நடைபெறுகின்றன. ஒன்று, மொழியைக் கற்பித்தல். மற்றொன்று, அம்மொழி வழங்கும் நாட்டின் இலக்கியம், ஓவியம், திரைப்படம் முதலியவற்றை ஆராய்தல். முன்னது பயிற்சி என்றும் பின்னது ஆய்வு என்றும் கருதப்படுகின்றன. முதலாமாண்டு மாணவர்க்கு வினைத்திரிபு கற்பிப்பவர் ஒருவராகவும், மேல்நிலை மாணவர்க்கு மறுமலர்ச்சிக் கால ஓவியம் பற்றி விரிவுரை ஆற்றுபவர் வேறொருவராகவும் இருப்பர். இருவருக்கும் ஊதியம் வேறு, பதவிப் பெயர் வேறு, மதிப்பும் வேறு. அமெரிக்காவின் நவீன மொழிகள் கழகம் 2007-இல் வெளியிட்ட அறிக்கையொன்று இவ்விரு தட்டு அமைப்பை வெளிப்படையாகக் குறை கூறி, மொழியையும் பண்பாட்டையும் தொடக்கம் முதல் இறுதி வரை இணைத்துக் கற்பிக்கும் பாடத்திட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இப்பிரிவினை எல்லா மொழிகளுக்கும் பொதுவான சிக்கலே. ஆயினும் இத்தாலிய மொழியைப் பொறுத்தவரை அது குறிப்பாகப் பொருந்தாத ஒன்று என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. இத்தாலிய மொழியின் வரலாறும் இத்தாலியக் காட்சிக் கலைகளின் வரலாறும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வளர்ந்தவை. அம்மொழியின் சில இலக்கணக் கூறுகளைப் படங்களின் துணையின்றி விளக்குதல் கடினம். அப்படங்களைப் பற்றிய கலைச்சொற்களை அம்மொழியின் அமைப்பறியாமல் மொழிபெயர்த்தலும் கடினம். இதனைச் சில சொற்களின்வழியும் இரு திரைப்படங்களின்வழியும் காணலாம். கலைச்சொல்லாக்கத்திலும் மொழிபெயர்ப்பிலும் ஈடுபட்டுள்ள தமிழ் ஆய்வாளர்க்கு இதனால் விளையும் பயன் ஆங்காங்கே சுட்டப்பெறும்.

2. முதல் இலக்கணமும் முதல் ஓவிய நூலும்

இத்தாலிய மொழிக்கு, இன்னும் தெளிவாகக் கூறின் தஸ்கன் வழக்கிற்கு, எழுதப்பட்ட முதல் இலக்கணம் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி என்பவருடையது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி இயற்றப்பட்ட இச்சிறு நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1508-இல் எடுக்கப்பட்ட ஒரு படி வத்திக்கன் நூலகத்தில் தங்கியது. அதனை இயற்றியவர் ஆல்பெர்த்தியே என்பது இருபதாம் நூற்றாண்டில், சிறப்பாக செசில் கிரேசன் 1964-இல் வெளியிட்ட பதிப்பிற்குப் பின், உறுதிப்பட்டது. இலத்தீனுக்கு மட்டுமே இலக்கணம் உண்டு, மக்கள் பேசும் மொழிக்கு இல்லை என்று கற்றோர் பலர் கருதிய காலத்தில், பேச்சு மொழிக்கும் ஒழுங்கு உண்டு என்று காட்டியது இந்நூலின் சிறப்பாகும்.

இதே ஆல்பெர்த்தி 1435-இல் ஓவியம் பற்றி ஒரு நூலை இலத்தீனில் எழுதினார். 1436-இல் அதன் தஸ்கன் வடிவத்தைக் கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கிக்கு உரிமையாக்கினார். ஐரோப்பிய ஓவியக் கோட்பாட்டின் தொடக்கம் என மதிக்கப்படும் நூல் இது. அதில் ஓவியத்தின் அமைப்பை அவர் படிமுறையாக விளக்குகிறார்: பரப்புகள் சேர்ந்து உறுப்பாகின்றன, உறுப்புகள் சேர்ந்து உடலாகின்றன, உடல்கள் சேர்ந்து முழுக் காட்சியாகின்றன. மைக்கேல் பாக்சண்டால் என்னும் கலை வரலாற்றறிஞர் 1971-இல் வெளியிட்ட நூலில், இப்படிமுறை இலத்தீன் அணியியலில் சொல், சொற்றொடர், வாக்கியக் கூறு, முழுவாக்கியம் என அமைந்த படிமுறையின் நேர்ப்படியே என்று காட்டினார். ஓவியத்தின் அமைப்பைக் குறிக்க ஆல்பெர்த்தி கையாண்ட சொல்லும் அவ்வணியியலில் வாக்கிய அமைப்பைக் குறித்த சொல்லேயாகும். எழுத்திலிருந்து சொல்லும் சொல்லிலிருந்து தொடரும் அமைவதாகக் காணும் இலக்கண மரபில் பயின்ற தமிழ் மாணவர்க்கு இச்சிந்தனை முறை அயலானதன்று.

இதன் மறுதலையும் கருதத்தக்கது. ஆல்பெர்த்தி தம் இலக்கணத்தின் தொடக்கத்தில் எழுத்துகளை நெடுங்கணக்கு முறையில் வைக்காமல், வரிவடிவ ஒப்புமை அடிப்படையில் வரிசைப்படுத்துகிறார். ஓவியத்தை வாக்கியமாகக் கண்டவர் எழுத்தைக் கோடாகவும் கண்டார். மொழியியலாளரும் காட்சிக்கலை ஆய்வாளரும் இருவேறு துறையினராதல் வேண்டும் என்னும் எண்ணம் இத்தாலிய மரபின் தொடக்கத்தில் இல்லை என்பதற்கு இது போதிய சான்றாகும்.

3. பிளாரன்ஸ் நகரமும் இரு கழகங்களும்

பதினாறாம் நூற்றாண்டில் இத்தொடர்பு நிறுவன வடிவம் பெற்றது. வஸாரியின் முயற்சியால் 1563-இல் பிளாரன்ஸ் நகரில் வரைகலைக் கழகம் நிறுவப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து 1583-இல் அதே நகரில் க்ரூஸ்கா மொழிக் கழகம் தோன்றியது. முன்னது ஓவியர், சிற்பியர், கட்டடக் கலைஞர் ஆகியோரைக் கைவினைஞர் நிலையிலிருந்து உயர்த்தியது. பின்னது 1612-இல் வெளியிட்ட அகராதியின்வழி பிளாரன்ஸ் வழக்கை நாடு முழுமைக்கும் எழுத்து மொழியின் அளவுகோலாக்கியது. நல்ல கலை எது, நல்ல மொழி எது என்னும் இரு வினாக்களுக்கும் விடை ஒரே நகரிலிருந்து வழங்கப்பட்டது.

இவ்விரு மரபுகளும் சந்திக்கும் நூல் பிலிப்போ பல்தினூச்சி 1681-இல் வெளியிட்ட வரைகலைச் சொல்லகராதி. இதனை அவர் க்ரூஸ்கா கழகத்தார்க்கே உரிமையாக்கினார். இலக்கிய ஆசிரியர்களின் மேற்கோள்களை அடிப்படையாகக் கொண்ட கழக அகராதியில் இடம்பெறாத பல தொழிற்சொற்களுக்கு, அதாவது சாந்து குழைப்போர், கல் செதுக்குவோர், வண்ணம் அரைப்போர் ஆகியோர் நாவில் வழங்கிய சொற்களுக்கு, இந்நூல் விளக்கம் தந்தது. தொழிற்களங்களுக்குச் சென்று தச்சர், கொல்லர், நெசவாளர் முதலியோர் வழங்கும் சொற்களைத் திரட்டும் களப்பணி நம் நாட்டிலும் நடைபெற்று வருகிறது. அத்தகைய பணிக்கு முன்னோடியான நூல்களுள் ஒன்றாகப் பல்தினூச்சியின் அகராதியைக் கொள்ளலாம்.

4. திசேஞ்ஞோ: ஒரு சொல், இரு பொருள்

இத்தாலியக் கலைச்சொற்களுள் மொழிபெயர்ப்பாளர்க்கு மிகுந்த இடர் தருவது 'திசேஞ்ஞோ' என்பதாகும். இது கையால் கோடிட்டு வரைதலையும் குறிக்கும்; மனத்தில் உருவாகும் திட்டத்தையும் குறிக்கும். வஸாரி தம் கலைஞர் வரலாற்றின் 1568-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதனைக் கட்டடம், சிற்பம், ஓவியம் ஆகிய மூன்று கலைகளுக்கும் தந்தை என்றும், அறிவிலிருந்து பிறப்பது என்றும் வரையறுத்தார். ஃபெதெரிக்கோ சுக்காரி 1607-இல் வெளியிட்ட நூலில் அக வரைவு, புற வரைவு என இதனை இரண்டாகப் பகுத்தார். இச்சொல்லை 'நம்முள் உள்ள இறைவனின் குறி' எனப் பொருள்படுமாறு பிரித்தும் காட்டினார். மொழியியல் நோக்கில் இது பொருந்தாச் சொற்பிறப்பு. உண்மையில் இச்சொல் குறித்தல், சுட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்து வந்தது. ஆயினும் அக்காலத்தார் இச்சொல்லில் எதனைக் கண்டனர் என்பதை அறிய இப்பொருந்தாச் சொற்பிறப்பே உதவுகிறது.

பிரெஞ்சு மொழி இச்சொல்லை ஏற்றபின், நாளடைவில் படத்திற்கு ஓர் எழுத்துக்கூட்டலும் நோக்கத்திற்கு வேறோர் எழுத்துக்கூட்டலும் அமைத்து இரு சொற்களாகப் பிரித்துவிட்டது. ஆங்கிலத்திலும் வரைதலுக்கு ஒரு சொல்லும் திட்டமிடலுக்கு வேறு சொல்லும் வழங்குகின்றன. எனவே ஆங்கிலத்தின்வழி வஸாரியைப் படிக்கும் மாணவர் எங்கே கை முடிந்து எங்கே மனம் தொடங்குகிறது என்று ஒவ்வோரிடத்திலும் தேர்ந்தாக வேண்டும். வஸாரிக்கு அத்தேர்வு தேவைப்படவில்லை. அவர் கோட்பாட்டின் வலிமையே அதில்தான் உள்ளது.

இவ்விடத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிட நல்ல நிலையில் உள்ளது. 'வரைவு' என்னும் நம் சொல் கோடு வரைதலையும் குறிக்கும். தீட்டி முடிக்கப்பெறாத முதற்படியையும் குறிக்கும். எல்லை வகுத்தலையும் குறிக்கும். அக இலக்கண மரபில் அது மணம் செய்துகொள்ளத் துணிதலைக் குறிப்பதும் அறிந்ததே. அங்கும் ஒரு முடிவைக் குறித்தல் என்னும் கருத்து அடியில் உள்ளது. இத்தாலிய மொழியில் நாடாளுமன்றத்தின்முன் வைக்கப்படும் சட்ட முன்வடிவத்தைச் 'சட்டத்தின் திசேஞ்ஞோ' என்றே கூறுவர். நாமும் அதனைச் 'சட்ட வரைவு' என்கிறோம். இவ்வளவு நெருங்கிய இணை கிடைத்திருக்க, வஸாரியின் சொல்லைச் 'சித்திரம்' என்றோ 'வடிவமைப்பு' என்றோ ஓரிடத்தில் ஒன்றாக மாற்றி மாற்றிப் பெயர்த்தல் தேவையற்றது. 'வரைவு' என்ற ஒரே சொல்லை நூல் முழுதும் ஆண்டு, முதல் வருகையில் விளக்கம் தருதல் பொருத்தமாகும். இத்தகைய முடிவு மூலமொழியைப் படித்தவரால் மட்டுமே எடுக்கக்கூடியது என்பதும் இங்கு நோக்கத்தக்கது. இற்றை இத்தாலியர் தொழிற்பொருள் வடிவமைப்பைக் குறிக்க ஆங்கிலத்திலிருந்து 'டிசைன்' என்ற சொல்லைக் கடன் பெற்றுள்ளனர். ஒரே அடியிலிருந்து பிரிந்த சொல் பிறமொழியில் பொருள் சுருங்கி மீண்டும் தாயகத்திற்குக் கடனாக வருதல் சொல் வரலாற்றில் காணப்படும் நிகழ்ச்சியே.

5. ஜொர்னாத்தா: இலக்கணத்தைக் காட்டும் சுவர்

இத்தாலியம் பயிலும் மாணவர் முதலாமாண்டிலேயே எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. நாள் என்பதற்கு 'ஜோர்னோ', 'ஜொர்னாத்தா' என இரு சொற்கள் வழங்குகின்றன. இதுபோலவே மாலைக்கும் ஆண்டுக்கும் இரட்டைச் சொற்கள் உள்ளன. அகராதி இரண்டிற்கும் ஒரே பொருள் தருவதால் மாணவர் மயங்குவர். முன்னது எண்ணத்தக்க கால அலகு. 'ஆத்தா' என்னும் விகுதி பெற்ற பின்னது, அக்காலத்தில் நிகழ்ந்தவற்றையும் உள்ளடக்கிய நிறைவு. இவ்விளக்கம் சரியானதே எனினும் கேட்ட அளவில் மனத்தில் நிலைப்பதில்லை.

ஈரச்சுவர் ஓவியம் இதனைக் கண்முன் நிறுத்துகிறது. இம்முறையில் சுவரின்மேல் முதலில் கரடான சாந்துப் பூச்சு இடுவர். அதன்மேல், ஒரு நாளில் தீட்டி முடிக்கக்கூடிய பரப்பிற்கு மட்டும், மென்மையான சுண்ணாம்புச் சாந்தைப் பூசுவர். அது ஈரமாக இருக்கும்போதே நீரில் கரைத்த வண்ணத்தைத் தீட்டுவர். காயும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது வண்ணத்துகள்கள் அதனுள் சிறைப்பட்டுவிடுகின்றன. தீட்டப்படாமல் எஞ்சிய ஈரப்பூச்சை மாலையில் வெட்டி நீக்குவர். மறுநாட்பூச்சு முன்னாட்பூச்சின் விளிம்பின்மேல் சற்றே ஏறி நிற்கும். இவ்வாறு ஒரு நாளில் தீட்டப்பட்ட பரப்பிற்குப் பெயர் 'ஜொர்னாத்தா'. பிளாரன்சின் கார்மினே தேவாலயத்திலுள்ள பிரன்காச்சி சிற்றாலயத்தில் மசாச்சோ 1425-ஐ ஒட்டித் தீட்டிய 'வரிப்பணம்' ஓவியத்தில் இத்தகைய 32 பரப்புகள் கணக்கிடப்பட்டுள்ளன. விளிம்புகள் எதன்மேல் எது படிந்துள்ளது என்று நோக்கி, தீட்டப்பட்ட வரிசையையும் ஆய்வாளர் அறிகின்றனர்.

ஆகவே 'ஜொர்னாத்தா' என்பது சுவரில் அளந்து காட்டக்கூடிய நாள். இச்சொல் நாட்கூலியையும், பியமோந்தே பகுதியில் ஒரு நாளில் உழத்தக்க நிலத்தின் அளவையும் குறித்தது. மூன்று பொருளிலும் 'ஒரு நாளில் நிறைந்த பணி' என்னும் கருத்தே அடிப்படை. இதனைப் படத்தின் துணையுடன் விளக்கினால், 'ஆத்தா' விகுதியின் பொருளை மாணவர் பிற சொற்களுக்கும் தாமே பொருத்திக் கொள்வர். தமிழ் மாணவர்க்கு மேலும் ஓர் உதவி உண்டு. 'நாள்' என்று எண்ணுகிறோம். 'பொழுது' என்று கழிக்கிறோம். மூன்று நாள் என்போமேயன்றி அப்பொருளில் மூன்று பொழுது என்பதில்லை. பொழுது நல்லபடியாகப் போயிற்று என்போம். இத்தாலியர் விடைபெறும்போது கூறும் வாழ்த்தில் 'ஜொர்னாத்தா' வருவதன் காரணம் இவ்வேறுபாட்டால் எளிதில் விளங்கும். ஓவியக் கலைச்சொல்லாக வருமிடத்து 'ஒருநாட்பூச்சு' எனப் பெயர்க்கலாம்.

6. 'ஃப்ரெஸ்கோ'வும் நம் சுவரோவியங்களும்

மேற்கூறிய ஓவிய முறையின் பெயராகிய 'ஃப்ரெஸ்கோ' என்பதற்குப் 'புதியது, பசுமை மாறாதது' என்பது பொருள். ஈரம் காயாத புதிய சாந்து என்பதே கருத்து. காய்ந்த பூச்சின்மேல் பசைப்பொருள் சேர்த்துத் தீட்டும் முறை 'உலர்ந்தது' எனப் பொருள்படும் 'செக்கோ' என்னும் சொல்லால் வழங்கும். ஈரம், உலர்வு என்னும் இவ்வெதிர்நிலையே இச்சொல்லின் உயிர். ஆங்கிலத்தின்வழி இந்தியாவிற்கு வந்தபோது இவ்வெதிர்நிலை மறைந்து, சுவரில் தீட்டிய எதற்கும் 'ஃப்ரெஸ்கோ' என்பது பொதுப்பெயராயிற்று. அஜந்தா ஓவியங்களும் நெடுங்காலம் இப்பெயரால் சுட்டப்பட்டன. அவை நார்ப்பொருள் கலந்த மண்பூச்சின்மேல் மெல்லிய வெண்பூச்சு இட்டு, உலர்ந்தபின் பசை கலந்த வண்ணத்தால் தீட்டப்பட்டவை.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. ஈரச்சுவர் ஓவியத்தின் வண்ணம் சுண்ணாம்போடு ஒன்றியிருக்கும். உலர்சுவர் ஓவியத்தின் வண்ணம் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும். ஒன்றிற்கு ஏற்ற பராமரிப்பு மற்றொன்றிற்கு ஏற்றதாகாது. ஐதராபாத் நிஜாம் அரசின் அழைப்பின்பேரில் 1920-22 ஆண்டுகளில் லோரென்சோ செக்கோனி முதலிய இத்தாலிய வல்லுநர் அஜந்தாவில் பணியாற்றினர். உதிரும் பூச்சைச் சுவரோடு பிணைத்து அவர்கள் பல பகுதிகளைக் காத்தனர். எனினும் அவர்கள் மேலே இட்ட அரக்கு மெருகு காலப்போக்கில் பழுப்பேறி ஓவியங்களை மங்கச் செய்தது. பின்வந்த பாதுகாப்பாளர் அதனை நீக்கப் பெரிதும் உழைக்க வேண்டியதாயிற்று. சொற்குழப்பமே இதற்குக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் ஓர் ஓவியத்தின் செய்முறையைச் சரியாகப் பெயரிடுதல் அதனைக் காக்கும் பணியின் முதற்படி என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

தமிழகத்திலும் இவ்வேறுபாடு தேவைப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் கால ஓவியங்கள் 1931-இல் வெளிப்பட்டன. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் அறிஞர் ச. பரமசிவன் 1930-களில் அவற்றின் சாந்தையும் வண்ணத்தையும் ஆராய்ந்து, அவை ஈரச்சுவர் முறையில் தீட்டப்பட்டவை என்னும் முடிவிற்கு வந்தார். எனவே 'சுவரோவியம்' என்பதைப் பொதுச்சொல்லாகக் கொண்டு, 'ஈரச்சுவர் ஓவியம்', 'உலர்சுவர் ஓவியம்' என்பவற்றை அதன் வகைகளாக ஆளுதல் நலம். 'ஃப்ரெஸ்கோ' என்பதைச் 'சுவரோவியம்' என்று மட்டும் பெயர்க்கும் கலைச்சொல் பட்டியல், இத்தாலியர் ஒரு சொல்லில் சேர்த்து வைத்த அறிவைக் கைவிட்டுவிடுகிறது.

7. லக்கூனா: சுவடியும் சுவரும்

மொழி ஆய்விலிருந்து காட்சிக் கலைக்குச் சென்ற சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு 'லக்கூனா'. குழி, பள்ளம் என்னும் பொருளுடைய இந்த இலத்தீன் சொல், வாய்மொழி வழக்கில் திரிந்து 'லகூனா' என உப்பங்கழியைக் குறிப்பதாயிற்று. வெனிஸ் நகரம் நிற்பது அத்தகைய கழியில்தான். கற்றோர் வழக்கில் திரியாமல் நின்ற வடிவம் சுவடியில் எழுத்து அழிந்த இடத்தைக் குறித்தது. பின்னர் ஓவியத்தில் வண்ணம் உதிர்ந்த இடத்தையும் குறிப்பதாயிற்று.

உரோமில் 1939-இல் நிறுவப்பட்ட மைய மறுசீரமைப்பு நிறுவனத்தை வழிநடத்திய சேசரே பிராந்தி, 1963-இல் வெளியிட்ட கோட்பாட்டு நூலில் இச்சிக்கலை ஆராய்கிறார். இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் பல சுவரோவியங்கள் துண்டு துண்டாகச் சிதறிய சூழலில் அந்நிறுவனத்தின் பணி வளர்ந்தது. உதிர்ந்த இடத்தை வெறுமையாக விட்டால் கண் அவ்வெறுமையையே காணும். பழைய ஓவியர் கையைப்போல் தீட்டி நிரப்பினால் அது பொய்யாகும். ஆகவே நெருக்கமான மெல்லிய நெடுங்கோடுகளால் நிரப்பும் முறை வகுக்கப்பட்டது. தொலைவிலிருந்து நோக்கினால் படம் முழுமையாகத் தோன்றும்; அருகில் சென்றால் எது பழையது, எது புதியது என்பது தெளிவாகத் தெரியும்.

இது பதிப்பாசிரியர் அறம். ஏடு சிதைந்த இடத்தில் புள்ளியிட்டுக் காட்டியும், ஊகித்துச் சேர்த்ததை அடைப்புக்குறிக்குள் இட்டும் பதிப்பிக்கும் முறையை நம் சுவடிப் பதிப்பாளர் நன்கறிவர். டாக்டர் உ.வே. சாமிநாதையர் பதிப்புகளில் பாடம் கிடைக்காத இடங்கள் அவ்வாறே காட்டப்பட்டுள்ளன. பிராந்தியின் கோடுகள் சுவரில் இட்ட அடைப்புக்குறிகள் எனலாம். இம்முறையை மொழி மாணவர்க்கு விளக்குவோர், பாடபேதம், ஊகப்பாடம் ஆகியவற்றை அறிந்திருத்தல் வேண்டும். மொழியறிவும் காட்சியறிவும் ஒருவரிடமே கூடினாலன்றி இஃது இயலாது.

8. திரைப்படமும் பேச்சு மொழியும்

இத்தாலி 1861-இல் ஒரே நாடானபோது மக்களுள் இத்தாலிய மொழி பேசத்தெரிந்தோர் மிகச்சிலர். துல்லியோ தெ மௌரோ 1963-இல் வெளியிட்ட மொழி வரலாற்றில் அவர்களை நூற்றுக்கு 2.5 என மதிப்பிட்டார். அரிகோ காஸ்தெல்லானி 1982-இல் ஏறத்தாழ 10 விழுக்காடு எனத் திருத்தினார். எதனைக் கொள்ளினும் பெரும்பாலோர் தத்தம் வட்டார மொழிகளையே பேசினர் என்பது தெளிவு. எழுத்தில் இருந்த மொழி மக்கள் வாய்க்கு வந்ததற்குப் பள்ளி, படைப்பணி, நகரக் குடிபெயர்வு ஆகியவற்றோடு திரைப்படமும் தொலைக்காட்சியும் காரணம் என்று தெ மௌரோ நிறுவினார். 1960 முதல் 1968 வரை அரசுத் தொலைக்காட்சியில் எழுத்தறியாத முதியோர்க்கு ஆல்பெர்த்தோ மான்சி நடத்திய பாடம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பெரிய தாளில் கரிக்கோலால் விரைந்து படம் வரைந்து, அப்படத்திலிருந்து சொல்லுக்கும் சொல்லிலிருந்து எழுத்துக்கும் அவர் சென்றார்.

எதிர்த்திசையில் சென்ற படமும் உண்டு. லூக்கினோ விஸ்கோந்தி 1948-இல் உருவாக்கிய 'நிலம் நடுங்குகிறது' என்னும் படத்தில் சிசிலியின் ஆச்சி திரேத்சா ஊர் மீனவரே நடித்தனர். தம் வட்டார மொழியிலேயே பேசினர். சிசிலியில் இத்தாலியம் ஏழைகளின் மொழியன்று என்னும் கருத்தைப் படத்தின் தொடக்க அறிவிப்பே தெரிவிக்கிறது. கதையை இணைக்கும் பின்னணிக் குரல் மட்டும் இத்தாலியத்தில் ஒலிக்கிறது. இப்படத்திற்கு அடிப்படையான நாவலை ஜொவான்னி வெர்கா 1881-இல் வெளியிட்டபோது, இத்தாலியச் சொற்களால் சிசிலிய வாக்கிய அமைப்பைப் புலப்படுத்த முயன்றார். எழுத்தில் மறைந்து நின்ற வட்டார மொழி திரையில் வெளிப்பட்டது. இப்படத்திற்குத் துணைத்தலைப்பு எழுதுவோர், உரையாடலையும் பின்னணிக் குரலையும் ஒரே நடையில் பெயர்த்தால் படத்தின் முதன்மையான செய்தியே அழிந்துவிடும். மீனவர் பேச்சுக்குப் பேச்சுத் தமிழும் பின்னணிக் குரலுக்கு எழுத்துத் தமிழும் ஆளக்கூடிய இரட்டை வழக்குச் சூழல் நமக்குண்டு. இவ்வாய்ப்பு எல்லா மொழிகளுக்கும் அமைவதில்லை.

மற்றொரு படம் விட்டோரியோ தெ சீக்கா 1948-இல் இயக்கியது. அதன் பெயரின் நேர்பொருள் 'சைக்கிள் திருடர்கள்'. இங்குத் திருடர் என்பது பன்மை; சுட்டிடைச்சொல்லும் இல்லை. அமெரிக்காவில் இப்படம் சுட்டிடைச்சொல்லுடன் கூடிய ஒருமைப் பெயரில் வெளியிடப்பட்டது. பிரிட்டனில் பன்மை காக்கப்பட்டது. ஒருமையாக்கியபோது கதை, தொலைந்த சைக்கிளைத் திருடிய அந்த ஒருவனைத் தேடும் கதையாகச் சுருங்கிவிடுகிறது. படத்தின் இறுதியில் பறிகொடுத்த அந்தோனியோ தானே ஒரு சைக்கிளைத் திருட முயன்று மகன் கண்முன் பிடிபடுகிறான். பன்மை விகுதி அவனையும் உள்ளடக்கியது. வறுமை யாரை எந்நிலைக்குத் தள்ளும் என்னும் படத்தின் வினா அவ்விகுதியில்தான் அடங்கியுள்ளது. தமிழில் 'சைக்கிள்' என்பது எண் விகுதியின்றித் தொகையில் நிற்கலாம். ஆனால் உயர்திணைப் பெயரில் 'திருடன்', 'திருடர்கள்' என எண்ணைக் காட்டியே ஆகவேண்டும். ஆங்கில ஒருமைப் பெயரிலிருந்து பெயர்ப்பவர் அறியாமலே அத்தவறைத் தமிழுக்கும் கொணர்வார். 1952-இல் பம்பாயில் தொடங்கிச் சென்னை உள்ளிட்ட நகரங்களில் தொடர்ந்த இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் இப்படம் திரையிடப்பட்டது. இந்தியத் திரைக்கலைஞர் பலர்க்கு இத்தாலியின் நவ யதார்த்த மரபு அறிமுகமானதில் அவ்விழாவிற்குப் பங்குண்டு.

9. பதவிப் பெயரும் பணியின் மதிப்பும்

மேற்கண்ட எடுத்துக்காட்டுகள் ஒவ்வொன்றிலும் இலக்கணக் குறிப்பு எங்கே முடிகிறது, காட்சி ஆய்வு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க இயலாது. ஆயினும் பல்கலைக்கழக நடைமுறை அக்கோட்டைக் கிழிக்கிறது. இத்தாலியிலேயே அயல்மொழிகளைக் கற்பிக்கும் தாய்மொழியாளர் 'லெத்தோரே', அதாவது 'படிப்பவர்' என்னும் பெயரில், காலவரம்புள்ள ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டு வந்தனர். ஐரோப்பிய நீதிமன்றம் 1989-இல் இக்காலவரம்பு பிறநாட்டாரைப் பாகுபடுத்துவது எனத் தீர்ப்பளித்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு 'மொழி உதவியாளரும் வல்லுநரும்' எனப் பொருள்படும் புதிய பெயரைச் சூட்டியது. அவர்கள் ஆசிரியர் வரிசையில் சேர்க்கப்படவில்லை. பெற்ற உரிமைகள் காக்கப்படாமை குறித்து 2001, 2006 ஆண்டுகளிலும் அந்நீதிமன்றம் இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கியது. படிப்பவர், உதவியாளர், வல்லுநர் எனப் பெயர்கள் மாறியும் 'ஆசிரியர்' என்னும் ஒரு சொல் வழங்கப்படாமை சமூக மொழியியலார் கருதத்தக்கது.

மொழி கற்பித்தலோடு காட்சிப் பண்பாட்டு ஆய்வையும் மேற்கொள்ளும் கல்வியாளர் இவ்வமைப்பில் இருமுறை இழப்படைகிறார். அவர் வகுப்பறைப் பணி ஆய்வாக எண்ணப்படுவதில்லை. அவர் ஆய்வு வகுப்பறையில் பெற்ற அறிவால் வளர்ந்தது என்பதும் ஏற்கப்படுவதில்லை. இழப்பு அவரோடு நிற்பதன்று. ஓவியம் பற்றி எழுதுவோர் மூலமொழியை அறியாமல் மொழிபெயர்ப்பைச் சார்ந்திருக்க நேர்கிறது. மொழி கற்போர் விகுதிகளை மனப்பாடம் செய்து, அவை எந்த வாழ்க்கையிலிருந்து பிறந்தன என்பதை அறியாமற் போகின்றனர்.

10. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

முதலாவது, இத்தாலியக் கலைச்சொற்களை ஆங்கிலத்தின்வழி தமிழுக்குக் கொணர்தல் பொருளிழப்பிற்கு இடந்தரும். திசேஞ்ஞோ, ஃப்ரெஸ்கோ, சைக்கிள் திருடர்கள் ஆகிய மூன்றிடத்தும் இழப்பு நேர்ந்தது அல்லது நேரக்கூடியது இடைமொழியில்தான்.

இரண்டாவது, மூலமொழியை நேரே நோக்கும்போது தமிழின் இயல்பான வளம் பயன்படுகிறது. வரைவு, பொழுது, பேச்சு வழக்கு எழுத்து வழக்கு வேறுபாடு ஆகியவை ஆங்கிலத்தில் கிட்டாத இணைகளைத் தருகின்றன.

மூன்றாவது, அயல்மொழிப் பாடத்திட்டத்தில் படம், சுவர், திரை ஆகியவை இலக்கணப் பாடம் முடிந்தபின் சேர்க்கப்படும் அணிகலன்களாக இல்லாமல், இலக்கண விளக்கத்தின் பகுதியாகவே அமைதல் வேண்டும். அவ்வாறு அமைப்பவரின் பணியை ஆய்வாகவே மதிப்பிடுதல் வேண்டும்.

நம் பல்கலைக்கழகங்களில் அயல்மொழிப் பாடங்கள் பெரும்பாலும் சான்றிதழ், பட்டய நிலைகளில் பேச்சுப் பயிற்சியாகவும், கலை வரலாறு வேறொரு துறையில் ஆங்கில வழியாகவும் கற்பிக்கப்படுகின்றன. இரண்டையும் ஒருவரே கற்பிக்கும் ஒரு பாடத்தையேனும் சோதனை முறையில் தொடங்கினால், தமிழில் கலை வரலாறு எழுதுவோர்க்கும் கலைச்சொல் தொகுப்போர்க்கும் மூலமொழியறிந்த துணை கிடைக்கும்.